குட்டைப் பட்டை

பள்ளிக்கூட வாட்ச்மேனுக்கு வருஷத்தில் ஒருநாள் சம்பளத்தில் சேராத வேலை ஒன்று உண்டு. ஒன்பதாம் வகுப்பு ஜன்னலுக்கு நேரே இருக்கும் கேட்டில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பத்து நிமிஷம் நிற்க வேண்டும். உள்ளே கணக்கு வாத்தியார் பட்டை வரைபடம் நடத்த, கரும்பலகையில் நான்கு பட்டைகள் வரைவார். மேற்படிப்பு படித்தவனுக்குப் பலகையின் உச்சி வரை, பட்டதாரிக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு, பள்ளி முடித்தவனுக்குப் பாதி, எட்டாவதோடு நின்றவனுக்கு ஒரு சாக்பீஸ் உயரம்.

"படிப்பு ஏற ஏறச் சம்பளம் ஏறும். நம்பிக்கை இல்லேன்னா அங்க பாருங்க!" என்று ஜன்னலைக் காட்டுவார். வாட்ச்மேன் விறைப்பாக ஒரு சல்யூட் அடிப்பார். வகுப்பே கொல்லென்று சிரிக்கும்.

வாத்தியார் நல்ல மனுஷர்தான். முதல்நாளே சொல்லிவிடுவார்.

"அண்ணே, நாளைக்கு ரெண்டாவது பீரியட். நீங்கதான் குட்டைப் பட்டை."

"சரிங்க சார், சட்டையைத் தேய்ச்சுப் போட்டுட்டு வந்துடறேன்."

இப்படியே பதினோரு வருஷம். நாலு பிள்ளை உருப்பட்டால் நம் மானம் என்ன கப்பலா ஏறிவிடும் என்று நினைத்திருந்தார்.

இந்த வருஷம் அவர் மகள் அந்த வகுப்பில் வந்து சேர்ந்தாள். ஊழியர் பிள்ளைக்குப் பாதிக் கட்டணம், விடுவாரா? அவர் விடிவதற்குள் கிளம்பிவிடுவார், அவள் பின்னால் பஸ்ஸில் வருவாள். இன்னாருடைய மகள் என்று பிள்ளைகள் யாருக்கும் தெரியாது. கேட்டைத் தாண்டும்போது கண்ணாலேயே ஒரு 'அப்பா' சொல்லிவிட்டுப் போவாள். அன்றைய பொழுதுக்கு அவருக்கு அது போதும்.

அந்தப் பாடம் நெருங்கியபோது தயங்கித் தயங்கிப் போய் நின்றார்.

"சார், இந்தத் தடவை என்னைக் காட்டாதீங்க. எம்பொண்ணு உள்ள இருக்கா."

வாத்தியாருக்கு முகம் செத்துப்போயிற்று. "இத்தனை வருஷமா எனக்கு இது உறைக்கவே இல்லையேண்ணே. சத்தியமா காட்டமாட்டேன்."

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார், அதில் குறை சொல்லக் கூடாது. குட்டைப் பட்டையை வரைந்துவிட்டு வாயே திறக்கவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு யார் வாய்ப்பூட்டுப் போடுவது? மேல்வகுப்பு அண்ணன்மார் முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். யாரும் காட்டாமலே நாற்பது தலையும் ஜன்னல் பக்கம் திரும்பின.

அன்று கேட்டோரக் காவல் கூண்டைவிட்டு வெளியே வருவதில்லை என்றுதான் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். சரியாக அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தவர் நிமிர்ந்தால், எதிரே நாற்பது முகம். பாழாய்ப்போன கை! பதினோரு வருஷப் பழக்கத்தில் தானாக நெற்றிக்குப் போய்விட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது பெஞ்சில் மகளும் சிரித்தாள்.

அன்று வீட்டில் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நானும் சிரிச்சேன்ப்பா."

"பார்த்தேன்டா. சிரிக்காம இருந்திருந்தா மாட்டியிருப்ப. நீ செஞ்சதுதான் சரி."

சொல்லிவிட்டாரே தவிர நெஞ்சை அறுத்தது. யார்மேல் கோபப்படுவது? பாடத்தில் பொய் இல்லை. எட்டாவதோடு நின்றதும் வாஸ்தவம், வாங்குகிற சம்பளமும் வாஸ்தவம். அந்த உயரமான பட்டைக்கு இவள் போகவேண்டும் என்றுதானே இத்தனை பாடும்.

"அப்பா, பின்பக்க கேட் சாவி யார்கிட்ட இருக்கு?"

"எங்கிட்டதான். ஏன்?"

"காலைல திறந்து வெப்பியா? உன்னைத் தாண்டி வந்தா அழுதுடுவேன்ப்பா. எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

மறுநாள் துருப்பிடித்த பூட்டுக்கு எண்ணெய் விட்டுத் திறந்தார். செருப்பில் முள் குத்திவிடக் கூடாதே என்று சருகையெல்லாம் கூட்டி மண்ணைச் சுத்தமாக்கினார். பிறகு முன் கேட்டுக்கு வந்து நின்றார். பிள்ளைகள் குட்மார்னிங் சொல்லிக்கொண்டே போனார்கள், இவரும் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார்.

மணி அடித்ததும் பின்பக்கம் பூட்டப் போனார். கூட்டிவிட்ட மண்ணில் ஒரே ஒரு ஜோடிச் செருப்புத் தடம் இருந்தது. வந்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டு பூட்டினார்.