பதினோரு கிலோ ஐஸ்

சுலேமாவின் கடை வாசலில் என் கணவர் நிக்கனோர் ஐஸ் பாளத்தை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தபோது தெருவில் பாதிப் பேர் அங்கே கூடியிருந்தார்கள். ஜனவரி மாதம், எங்கள் பக்கத்தில் நடுக்கோடை; காலை பத்தரை மணி. அதற்குள்ளாகவே வெயில் பாப்லர் மரங்களின் நிழலைச் சுருட்டி வேரடிக்கு விரட்டியிருந்தது. ரம்பத்திலிருந்து தெறித்த ஐஸ் பொடியை ஆளாளுக்கு அள்ளிப் பிடரியில் தேய்த்துக்கொண்டார்கள். சுலேமா இரண்டு துண்டுகளையும் தராசில் வைத்துப் பார்த்தாள், கனமாக இருந்ததில் ஒரு முனையைச் சீவச் சொன்னாள், மறுபடி வைத்தாள். "இது பதினோரு கிலோ. இதுவும் பதினோரு கிலோ. அப்புறம் யாரும் என் தராசைக் குத்தம் சொல்லக் கூடாது" என்றாள். ஐம்பத்து மூன்று வயதுப் பள்ளிக்கூடச் சமையல்காரி நான். இறுதி ஆட்டத்துக்கு மைதானத்தில் இறங்குகிறவள் மாதிரி உள்ளங்கை வியர்க்க நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் வீடும் நிக்கனோரின் அண்ணன் எவாரிஸ்தோவின் வீடும் ஒரே அச்சு. எதிரெதிரே நிற்பவை. இரண்டையும் கட்டியது எவாரிஸ்தோ அத்தான்தான். முப்பத்தொரு வருஷத்துக்கு முன், தம்பியை மண் குழைக்க வைத்துக்கொண்டு, ஒரே கோடையில் கட்டினார். பச்சை மண் கல் வைத்த சுவர், முழங்கை நீள அகலம். சுவரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூரைதான் எமன். உத்தரத்தின்மேல் நாணல், நாணலின்மேல் விரற்கடை மண், அதன்மேல் தகரம். இந்த மலையடிவாரத்தில் கோடையில் அந்தத் தகரத்தில் முட்டை வெந்துவிடும். ஜூலையில் மலைப்பக்கமிருந்து குளிர் இறங்கினால், இரவு மேசையில் வைத்த தண்ணீர் காலையில் கண்ணாடியாகியிருக்கும். எவ்வளவு மூட்டினாலும் சூடு நேராகத் தகரத்துக்குப் போய், கூரையில் உட்கார்ந்த சிட்டுக்குருவிகளுக்குத்தான் இதமாக இருக்கும்.

போன வருஷம் எங்கள் பள்ளிக்கு இறைச்சி கொண்டுவரும் வண்டிக்காரர் ஒரு விஷயம் சொன்னார். தெற்கே மலார்குவே பக்கத்தில் ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும்போது வயிற்றுப்பக்கத்து முரட்டு ரோமத்தை வாங்க ஆளில்லையாம். பள்ளத்தில் கொட்டிக் கொளுத்திவிடுகிறார்களாம். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. பனியில் ஆடு எப்படி நிற்கிறது, வெயிலிலும் அதே ரோமத்தோடு எப்படி நிற்கிறது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அதுவே வேலையாகப் போயிற்று. மூட்டை மூட்டையாக வந்த ரோமத்தை வெந்நீரில் அலசி, பூச்சி அண்டாமலிருக்க வெங்காரம் கரைத்த தண்ணீரில் முக்கி, கொடியிலும் வேலியிலும் காயப்போட்டோம். தகரத்தைக் கழற்றி, மண்ணுக்குமேல் மரச்சட்டம் அடித்து, ஒரு சாண் கனத்துக்கு ரோமத்தைப் பரப்பி, காற்றோட இடம் விட்டுத் தகரத்தை மறுபடி மூடினோம். இரண்டு மாதம் எங்கள் இருவரின் தலைமுடியிலும் ஆட்டு வாடை.

எவாரிஸ்தோ அத்தான் தினமும் சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். "என்னடா நிக்கனோர், ஆட்டைக் கூரையில ஏத்திட்டியா? பால் கறக்க ஏணி வேணுமே" என்பார். "மழை வரட்டும். உங்க வீடு நனைஞ்ச கெடா மாதிரி நாறப்போகுது" என்பார். தெரு முழுக்கச் சிரிக்கும். நானும் சிரித்துவிடுவேன். ஆனால் அந்தக் கூரை வேலையை நான் ஆரம்பித்ததே அவர் வீட்டை நினைத்துத்தான்.

அவர் மனைவி ஒத்திலியா அக்காவுக்கு நுரையீரல் சரியில்லை. கோடையில் நன்றாக நடமாடுவாள். மே மாதம் குளிர் ஆரம்பித்தால் படுக்க முடியாது. முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். நாலு குளிர்காலமாக இப்படி. போன ஜூலையில் உதடு நீலம் பாரித்து, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். அறையைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அத்தான் பெரிய கணப்பு ஒன்று வாங்கி மாட்டினார். அதன் சூடும் குருவிக்குத்தான் போயிற்று.

புது வருஷத்து ஞாயிற்றுக்கிழமை கறி சுடும்போது, "அத்தான், உங்க கூரைக்கும் போட்டுடலாம். எட்டு மூட்டை மிச்சம் இருக்கு" என்றேன்.

அவர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். "நான் போட்ட கூரை. முப்பத்தொரு வருஷமா ஒரு சொட்டு ஒழுகினதில்ல. அதை எவன் பிரிக்கிறான்னு பாக்குறேன்."

"ஒழுகுதுன்னு யார் சொன்னது? சூடு உள்ள வருது, சூடு வெளிய போகுது, அதைத்தான் சொல்றேன்."

"உன் வீட்ல மட்டும் வரலையாக்கும்?"

அப்போதுதான் வாய் தவறி வந்தது அந்தப் பந்தயம். ஒரே ஐஸ் பாளம், ஆளுக்குப் பாதி, காலை பதினொன்றிலிருந்து மாலை ஏழு வரை. யார் வீட்டில் அதிகம் மிஞ்சுகிறது பார்ப்போம். அவர் தோற்றால் கூரையைப் பிரிக்க வேண்டும். நான் தோற்றால் ரோமத்தையெல்லாம் இறக்கிக் கொட்டிவிட்டு, கூரை என்ற பேச்சையே அவர் முன்னால் எடுக்கக் கூடாது. நிக்கனோர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். அதற்குள் அத்தான் கையை நீட்டிவிட்டார்.

நடுவர் சுலேமா. ஐஸ் அகலத் தொட்டியில், சமையலறை மேசைமேல் இருக்க வேண்டும். மூடக் கூடாது, விசிறி போடக் கூடாது. ஜன்னல் கதவுகள் சாத்தியிருக்கலாம். மற்றபடி வீட்டில் குடித்தனம் வழக்கம்போல நடக்கலாம். தில்லுமுல்லு நடக்காமலிருக்க அத்தான் எங்கள் வீட்டில் காவல், நிக்கனோர் அவர் வீட்டில் காவல்.

அத்தான் என் சமையலறையில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார். கூரையைப் பார்த்து மூக்கை உறிஞ்சினார். "என்ன, ஆடு இன்னும் கத்தலையா?" என்றார். எலுமிச்சை பிழிந்து குளிரவைத்த மாத்தே இலைத் தேநீர் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குடித்தார். ஒரு மணிக்குச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். ஒன்றரைக்குச் செருப்பைக் கழற்றித் தரையில் வெறுங்காலை வைத்தவர், எடுக்கவே இல்லை. வெளியே சுலேமாவின் கடைச் சுவரில் முப்பத்தெட்டு டிகிரி. தெருவில் நாய்கூட இல்லை. எல்லோரும் மதியத் தூக்கத்தில். இரண்டு மணிக்கு ஒரு சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். அத்தான் சுவரில் தலை சாய்த்து, வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஜனவரி மத்தியானத்தில் அந்த மனுஷன் ஒரு நாளாவது இப்படித் தூங்கியிருப்பாரா? ஐஸைப் பார்த்தேன். முனைகள் மட்டும் மழுங்கியிருந்தன. எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, எதிர்வீட்டு ஐஸ் என்ன ஆயிற்று என்று பார்க்கத் தெருவைத் தாண்டி ஓடினேன்.

கதவைத் தள்ளியதும் இனிப்பு மணத்தோடு நீராவி முகத்தில் அடித்தது. அடுப்பில் எல்லாக் கண்களும் எரிந்தன. ஒத்திலியா அக்கா பெரிய செப்புப் பாத்திரத்தில் பீச் பழம் போட்டு ஜாம் கிண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கண்ணில் வெந்நீரில் பாட்டில்கள் கொதித்தன. நிக்கனோர் சட்டையைக் கழற்றிவிட்டு, வேகவைத்த நண்டு மாதிரி சிவந்து, கையில் ஒரு கரண்டியோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு கை தூரத்தில் மேசைமேல் ஐஸ், தன் தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருந்தது.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியல? ஜாம்."

"இன்னைக்கா?"

"பழம் கனிஞ்சிடுச்சு. அதுக்குத் தெரியுமா பந்தயம்னு? குடித்தனம் வழக்கம்போல நடக்கலாம்னு சுலேமா சொன்னாளா இல்லையா?"

"நான் வேணாம்னு சொன்னேன், எலிடா" என்றார் நிக்கனோர். "வாயில கரண்டியை வச்சுட்டாங்க."

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "நாங்க நேர்மையாவே ஜெயிச்சிருப்போம் அக்கா. எங்க வீட்ல வந்து பாருங்க, ஐஸ் அப்படியே உக்காந்திருக்கு."

"ஜெயிச்சிருப்பே. நான் இல்லேன்னு சொல்லல." அவள் கிண்டுவதை நிறுத்தி மூச்சு வாங்கினாள். "ஆனா ஒரு கிலோ, ரெண்டு கிலோவுல ஜெயிச்சா அவன் ஒத்துக்குவானா? தராசு கோணல்னுவான், எங்க வீட்ல வெயில் அதிகம்னுவான். அவனைப் பத்தி உனக்குத் தெரியாது. பேச வாயில்லாதபடி தோக்கணும் அவன்."

மறுபடி கிண்ட ஆரம்பித்தாள். நான் அடுப்பை அணைக்கவில்லை. அணைத்திருக்க வேண்டும் என்று இப்போதும் சில நாள் தோன்றுகிறது. கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கி, அவளை உட்காரவைத்துவிட்டு, நானே கொஞ்ச நேரம் கிண்டினேன்.

ஐந்து மணி வாக்கில் வாசலில் நிழல் விழுந்தது. எவாரிஸ்தோ அத்தான். கன்னத்தில் எங்கள் வீட்டுச் சுவரின் தடம், காலில் செருப்பில்லை. அடுப்பைப் பார்த்தார். ஐஸைப் பார்த்தார். பாட்டில் மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார்.

"அத்தான், இது செல்லாது" என்றேன். "நாளைக்குப் புதுசா ஐஸ் வாங்கி மறுபடி வைப்போம்."

"நாளைக்கும் பழம் இருக்கு" என்றாள் ஒத்திலியா அக்கா, தலையை நிமிர்த்தாமல். "நாளன்னைக்குத் தக்காளி வருது."

"ஒத்திலியா" என்றார் அவர்.

அவள் துணியைக் கீழே வைத்தாள். "உன் கூரையை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்ல. கல்யாணமான வருஷம் நீ அது மேல நின்னு கையாட்டினது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. நாலு குளிர்காலமா உக்காந்து தூங்குறேன், அப்பவும் வாயத் திறக்கல. உனக்கு மனசு நோகுமேன்னு. இந்த ஜூலைக்கு எனக்குப் பயமா இருக்கு, எவாரிஸ்தோ. அவ்வளவுதான்."

அத்தான் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தொட்டித் தண்ணீரில் இரண்டு விரலை விட்டார். பிறகு அவரே போய் அடுப்பின் ஒவ்வொரு கண்ணாகத் திருகி அணைத்தார். "பாட்டில் சூடா இருக்கு, நீ தொடாதே" என்று மட்டும் சொன்னார்.

ஏழு மணிக்குத் தெருவே சுலேமாவின் கடை முன் திரண்டது. எங்கள் ஐஸ் ஆறே கால் கிலோ. கூட்டத்தில் ஒரு 'ஓ' எழுந்தது. அவருடையது ஒன்றரை. சுலேமா தராசைக் குனிந்து பார்த்தாள், அத்தானை நிமிர்ந்து பார்த்தாள். காற்றை முகர்ந்தாள். "பீச் வாசனை வருதே, எவாரிஸ்தோ ஐயா?"

ஜாம் ஒட்டியிருந்த விரல்களை நான் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"என் வீட்ல ஜனவரி பூரா பீச் வாசனை வரும். நீ முள்ளைப் பாரு" என்றார் அவர். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தோத்துட்டேன்" என்றார். அந்தச் சொல்லைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. முதல் எழுத்தில் கொஞ்சம் சிக்கிக்கொண்டது.

அன்று நிக்கனோர் என்னைக் கேட்டார்: "ஜாம் கிண்டலேன்னா எவ்வளவு வித்தியாசம் வந்திருக்கும்?" எனக்குத் தெரியாது. இனி தெரியப்போவதும் இல்லை. அதில் எனக்கு ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தகரத்தில் சுத்தியல் சத்தம் கேட்டு எழுந்து ஓடினோம். அத்தான் ஏற்கெனவே நாலு தகரத்தைப் பிரித்திருந்தார். "வேடிக்கை பாக்கவா வந்தீங்க? மூட்டையைத் தூக்குங்க" என்று மேலிருந்து அதட்டினார். என் சட்டத்தில் ஆணி நெருக்கம் போதாது என்று திட்டினார், நான் அடித்ததைப் பிடுங்கி மறுபடி அடித்தார். எட்டு மணிக்குள் சுலேமா வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் மூலை வீட்டுக்காரர் ஏணியோடு வந்தார், தன் கூரைக்கு எத்தனை மூட்டை பிடிக்கும் என்று கேட்டபடி. கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

கடைசி மூட்டையைப் பிரித்தபோது ஒத்திலியா அக்கா ஒரு கை ரோமத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஏணியில் காலை வைத்தாள். நாங்கள் தடுப்பதற்குள் நாலு படி ஏறிவிட்டாள். ஐந்தாவது படியில் மூச்சு வாங்க நின்றாள். அத்தான் கூரை விளிம்பில் மண்டியிட்டு இரண்டு கைகளையும் கீழே நீட்டினார். அவள் ரோமத்தைக் கொடுக்கவில்லை. தலையைத் திருப்பி, மேற்கே வரிசையாகத் தெரிந்த கூரைகளை, திராட்சைத் தோட்டங்களை, அவற்றுக்கு அப்பால் உச்சியில் மட்டும் பனி ஒட்டிக்கொண்டிருந்த மலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். காற்றில் ஒரு ரோமத் திரி பிரிந்து அவள் கன்னத்தில் ஒட்டியது.

"இங்கேர்ந்து எவ்வளவு தூரம் தெரியுது" என்றாள். "நீ சொல்லவே இல்லையே."

அவர் நீட்டிய கைகளை மடக்காமல் அப்படியே இருந்தார்.