சுகுணா அக்கா வீட்டுச் சுவர்

"உள்ள போனா வாயத் தொறக்காத வாணி. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த உட்டீன்னா ரேட்டு ஏறிடும்" என்று காரை நிறுத்தும்போதே என் புருஷன் சொல்லிவிட்டார்.

சிவக்குமாருக்குப் பாலக்கோட்டில் தக்காளி மண்டி. மேலே கிடக்கிற நல்ல பழத்தை விட்டுவிட்டு, கூடையின் அடியில் கையை விட்டு அழுகலைத் தேடுகிற தொழில். அந்த மனுஷன் வாயிலிருந்து 'நல்லா இருக்கு' என்று வந்து நான் கேட்டதே இல்லை. என் குழம்புக்கும் கிடையாது, நான் கட்டிய கல்யாணப் பட்டுக்கும் கிடையாது.

எனக்கோ வாயை மூடிக்கொண்டிருப்பது மூச்சை அடக்குகிற மாதிரி. ஆனாலும் தலையாட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான் எங்களுக்கு. ஒவ்வொரு ஓனரும் சாவியைக் கொடுக்கும்போதே, "சுவத்துல ஆணி கீணி அடிக்கக் கூடாதும்மா" என்பார். எங்கள் கல்யாணப் போட்டோ இன்றுவரை பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு பீரோ மேல் படுத்திருக்கிறது. சொந்தமாக ஒரு சுவர் வேண்டும், அதில் அந்தப் போட்டோவை மாட்ட வேண்டும். இதற்காக எதையும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

தருமபுரிக் கோட்டைக் கோவிலுக்குப் பக்கத்துத் தெரு அது. பழைய ஊர் என்பதால் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டித்தான் நிற்கும். அதிலொரு பழைய மனையில் மூன்று மாடி எழுப்பியிருந்தார் சுகுணா அக்கா. கிரானைட் வியாபாரம் பார்த்தவர். மகன் பெங்களூருக்குக் கூப்பிடுகிறான் என்று இப்போது விற்கிறார்.

கதவைத் திறந்தார். அடேயப்பா! வெளியே ஒடுங்கிய முகப்பு, உள்ளே ஒரே வெளிச்சம். இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர் என்பதால் ஜன்னல் வைக்க வழியில்லை. அதற்கென்ன என்று கூரையில் கண்ணாடி பதித்து, வெயிலை மூன்று மாடிக்கும் நடுவே கீழ்த்தரை வரை இறக்கியிருந்தார். படிகள் நம் பக்கத்துக் கருங்கல், ஒவ்வொன்றும் ஒரே பலகை. புடவைக்கரை மாட்டாதபடி விளிம்பையெல்லாம் மழுக்கியிருந்தார்கள். லிஃப்ட் கூட இருந்தது. சமையல் மேடை என் உயரத்துக்கு அளவெடுத்த மாதிரி. அங்கே நின்றால் பின்பக்க ஜன்னலுக்கு நேரே கோவில் கோபுரம். மொட்டை மாடிக்குப் போனால் வத்தல்மலை முழுசாகத் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இவரோ சுவரை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"கண்ணாடி வழியா வெக்கை அடிக்குமேங்க. கறுப்புக் கல்லுல தூசி பளிச்சுன்னு தெரியும். ஒட்டு வூடு வேற, அடுத்த வூட்டு மிக்ஸி சத்தம் இங்க கேக்கும்."

"கேக்காதுங்க. நடுவுல சந்து உட்டு ரெட்டைச் சுவரா கட்டுனேன்" என்றார் அக்கா.

"அப்ப அவ்ளோ எடம் வீணாச்சே!"

அக்கா என் பக்கம் திரும்பினார். "உனக்கு வூடு எப்படி இருக்குது கண்ணு?"

இவர் தொண்டையைக் கனைத்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "பரவால்லீங்க" என்றேன்.

அக்கா முகம் வாடிவிட்டது. ஒவ்வொரு அறை விளக்காக அணைத்துக்கொண்டே இறங்கினார். வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "நீங்க வேற வூடு பாத்துக்கங்க" என்றார்.

"ரேட்ட கொஞ்சம் பாத்துச் சொன்னீங்கன்னா..." என்று இவர் இழுத்தார்.

"ரேட்டுக்குச் சொல்லலைங்க. ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்துல நின்னு கட்டுனது. பரவால்லங்கறவங்க கையில குடுக்க மாட்டேன்."

செருப்பில் பாதிக் கால் நுழைத்திருந்தேன். என் சுவர் போச்சு. வந்ததே கோபம் எனக்கு!

"இதென்ன தக்காளிக் கூடையா, அமுக்கி அமுக்கிப் பாக்கறதுக்கு?" என்று இவரைப் பார்த்துக் கத்தினேன். செருப்பை உதறிவிட்டு அக்காவிடம் போனேன். "அக்கா, நான் சொன்னது பொய். உள்ள வந்ததுலேர்ந்து அழுவாத கொறையா நிக்கறேன். அந்தப் படி ஓரத்த யாருக்காக மழுக்குனீங்க? அந்த மேடைய யாரு ஒசரத்துக்கு வெச்சீங்க? ஒரு பொம்பள பொழங்கறத நெனச்சு நெனச்சு கட்டியிருக்கீங்க. எனக்கு ஆணி அடிக்க ஒரு சுவரு போதும்னுதான் வந்தேன். இந்த வூட்டப் பாத்தப்புறம் வேற எந்தச் சுவரும் வேணாம்!"

அக்கா என்னையே பார்த்தார். "என்னத்த மாட்டப் போற?"

"கல்யாணப் போட்டோ."

"எங்க?"

படி திரும்புகிற இடத்தைக் காட்டினேன். மேலிருந்து வந்த வெயில் அந்தச் சுவரில் விழுந்துகொண்டிருந்தது.

"நானும் அங்கதான் ஒண்ணு மாட்டணும்னு இருந்தேன். சுவத்துல ஆணி எறக்க மனசு வரல" என்றவர், உள்ளே போய்ச் சுத்தியலும் ஆணியும் எடுத்துவந்து என் கையில் வைத்தார். "அடி."

"இன்னும் பேசி முடிக்கலீங்களேக்கா..."

"நீதான் பேசிட்டியே. மத்தத அவரும் நானும் பேசிக்கறோம். அடி கண்ணு."

படி ஏறிப் போய் ஆணியை வைத்தேன். முதல் அடி நழுவியது. அடுத்த அடியில் ஆணி இறங்கியது. வெறும் ஆணிதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையே பார்த்தேன்.

கீழே இவர் கழுத்தை நிமிர்த்திப் படியையும் வெயிலையும் என்னையும் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்குது வாணி" என்றார்.

"மெதுவாச் சொல்லுங்க, ரேட்டு ஏறிடப் போவுது" என்றேன்.