நாலாவது மண்ணிறம்

ஜனகன் இரண்டு எழுத்து எழுதியதும் கிராம அலுவலர் விமலேஸ்வரி கையை நீட்டி மறித்தார்.

"நில்லுங்கோ தம்பி. இது என்ன நிறம்?"

அவன் குனிந்து பார்த்தான். படிவத்தின் அடியில் 'ஜன' என்று விழுந்திருந்தது. இன்னும் ஈரம். சாயம் கூடிய தேத்தண்ணி மாதிரி இருந்தது.

"மண்ணிறம் ஏலாது. நீலம், இல்லாட்டிக் கறுப்பு. பதிவாளர் திருப்பி அனுப்பிப்போடுவார்."

"தெரியாம எடுத்துக்கொண்டு வந்திட்டன் மிஸ். தங்கச்சியின்ர பேனை."

விடிய அவளுடைய மேசையிலிருந்து அடையாள அட்டையையும் கிளினிக் கொப்பியையும் அள்ளும்போது பேனையும் சேர்ந்து வந்திருக்க வேண்டும். விமலேஸ்வரி வேறொரு படிவம் எடுத்துத் தானே நிரப்பத் தொடங்கினார்.

"பேர் ராஜினி. வயசு?"

"முப்பத்தாறு."

"கிட்னி வருத்தம்தானே?"

"ஓம்."

"எத்தினை மணிக்கு?"

"அஞ்சரைக்கு அம்மா தேத்தண்ணி கொண்டுபோய் எழுப்பினவா. எழும்பேல்லை."

கேட்டதற்கெல்லாம் சொன்னான். குரல் ஓரிடத்திலும் தடங்கவில்லை. தடங்கியிருந்தால் நல்லது என்று மட்டும் ஒருமுறை நினைத்தான். விமலேஸ்வரி கொடுத்த நீலப் பேனையால் முழுப்பெயரையும் எழுதினான். பிழைத்த படிவத்தைக் கிழிக்கப் போனவரிடம் "அதைத் தாங்கோ" என்று வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். ஏன் வாங்கினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"எங்கட மகளுக்கும் விஞ்ஞானம் படிப்பிச்சவா" என்றார் விமலேஸ்வரி. அவன் தலையாட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தான். அதே வண்டியில்தான் இரண்டு வருஷமாகத் திங்களும் வியாழனும் அவளை அக்கராயனிலிருந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனான். இன்றைக்குப் புதன். நாளைக்கு ஆறரைக்கு அங்கே நிற்கவேண்டிய நாள்.

நாலு மணித்தியாலம் இரத்தம் சுத்திகரிக்கிற மிசினோடு இருக்கவேண்டும். இடது கையில் ஊசிகள். வலது கை சும்மா. அந்தச் சும்மா இருந்த கையால்தான் மையைப் பிடித்தாள். படிப்பிப்பை விட்ட நாளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு மைப்பேனை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். பேனைக்கு மை தேடப்போய், போனில் மைப்பைத்தியங்களின் குழு ஒன்றைக் கண்டுபிடித்து, கடைசியில் மண்ணிறத்தில் வந்து நின்றாள்.

"ஏன் அந்த நிறம்?" என்று ஜனகன் ஒருநாள் கேட்டான்.

"சிவப்பு நான் பிழை திருத்தின நிறம். நீலம் பிள்ளையளின்ர. கறுப்பு அரசாங்கக் கந்தோரின்ர. இது ஒருத்தருக்கும் சொந்தமில்லை, அண்ணா."

ஒரு நாளைக்கு அரை லீற்றர் தண்ணீர்தான் அவளுக்கு அளவு. மையைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் 'நல்ல ஈரம்', 'தாராளமா ஓடுது' என்று அள்ளி விடுவாள்.

அந்தக் குழுவில்தான் விஜிதரன் பழக்கமானான். வவுனியாவில் ஒரு பள்ளிக்கூடத்தின் இரசாயன ஆய்வுகூடத்தில் உதவியாளன். வீட்டில் சொந்தமாக மை கலக்கிறவன். ஒரு நல்ல மண்ணிறம் செய்து போத்தலில் அடைத்து விற்கவேண்டும் என்பது அவன் எண்ணம். சின்னச் சின்னக் குப்பிகளில் அவளுக்கு அனுப்பி, அவள் சரி என்றால்தான் அடைப்பேன் என்று இருந்தான். அவள் மூன்றை வேண்டாமென்று கழித்துவிட்டாள். நாலாவது போன கிழமை தபாலில் வந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது பந்தல் போட்டாயிற்று. பிரேதத்தைக் கிடத்த இடம் வேண்டுமென்று ராஜினியின் மேசையை வெளியே இறக்கியிருந்தார்கள். அதன்மேல் கிடந்த அவளுடைய மைக் கொப்பியை யாரும் குப்பை என்று எறிந்துவிடாமல் எடுத்துக்கொண்டு போய்ப் பின்னால் தன் தச்சுப் பட்டறையில், சீவுளிக்குப் பக்கத்தில் வைத்தான். பிறகு வந்தவர்களோடு நின்றான். கை கொடுத்தவர்களுக்குக் கை கொடுத்தான். அம்மா பேச்சியம்மா தலைமாட்டில் இருந்தாள். அவளும் அழவில்லை. அவளைக் கட்டிப்பிடித்து அழ வந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துக்கொண்டு தள்ளி இருந்தார்கள்.

பன்னிரண்டரைக்கு அவனுடைய மனைவி சிவலட்சுமி ராஜினியின் போனைக் கொண்டுவந்தாள்.

"'விஜி மை' எண்டு கிடக்கு. மூண்டாந்தரம் அடிக்குது. எடுங்கோவன்."

அவன் போனோடு பட்டறைக்குப் போனான்.

"அக்கா, பன்னிரண்டு மணிக்குச் சொல்லுறன் எண்டனீங்கள். போத்தல் எல்லாம் கழுவிக் காயவைச்சிட்டன். அடைக்கிறதோ, ஊத்திறதோ?"

"நான் அண்ணன் கதைக்கிறன். ஜனகன்."

"ஐயோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. அக்காவிட்டை ஒருக்காக் குடுக்கேலுமோ?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். காலையிலிருந்து இருபது பேருக்குச் சொன்ன ஒரே வசனந்தான். வாயில் வரவில்லை. கண் கொப்பியில் நின்றது.

"கொப்பி என்னட்டை இருக்கு தம்பி. என்ன பாக்கவேணும்?"

"கடைசிப் பக்கம் பாருங்கோ. நாலு எண்டு இலக்கம் போட்டிருப்பா."

அவன் பக்கங்களைத் தள்ளினான். முதலாவதற்கு, 'காயும்போது சிவக்கிறது. பழைய இரத்தம் மாதிரி. அது ஆஸ்பத்திரியில் நிறையப் பார்க்கிறேன், வேண்டாம்' என்று இருந்தது. இரண்டாவதற்கு, 'மெல்லிய தாளில் கோடு வேர் விட்டுப் பரவுகிறது. மற்றப் பக்கத்திலும் வாசிக்கலாம்.' மூன்றாவதற்கு, 'நிறம் சரி. குணம் சரியில்லை. மூன்று நாள் பேனைக்குள் கிடந்தால் முதல் எழுத்து வராது.' நாலாவது பக்கத்தை உரத்து வாசித்தான்.

"'கோடு தொடங்கிற இடத்தில் வெளிறல், முடியிற இடத்தில் அடர்த்தி. இரண்டும் ஒரே எழுத்துக்குள் தெரிகிறது. வேர் விடவில்லை. மற்றப் பக்கம் ஊறவில்லை. தண்ணீர் ஒரு துளி விட்டேன், மங்கியது, ஆனால் வாசிக்கலாம். வெள்ளி காலை பேனையை நிரப்பி மூடிவைத்தேன். ஐந்து நாள் தொடக்கூடாது. புதன் காலை எழுதிப் பார்க்கவேண்டும். முடிவு'..."

"முடிவு?"

முடிவு என்று எழுதி இரண்டு புள்ளி வைத்திருந்தாள். அதற்குப் பிறகு கோடுகள்தான்.

"ஒண்டும் எழுதேல்லை" என்றான் ஜனகன்.

"இண்டைக்கு எழுதிப் பாக்கேல்லையோ அண்ணை?"

அவன் சட்டைப்பையைத் தொட்டான். பேனையும் மடித்த படிவமும் அங்கேயே இருந்தன.

"நான் எழுதினனான். அந்தப் பேனையால. காலமை பத்து மணி போல."

"நீங்களோ? வந்ததோ? ரெண்டு மூண்டு தரம் இழுக்கவேண்டி இருந்ததோ?"

அவன் யோசித்தான். விமலேஸ்வரியின் மேசை. நிப் தாளில் பட்டது. எழுத்து விழுந்தது. இடையில் ஒன்றுமில்லை.

"இல்லை. தொட்டவுடனை வந்தது."

"உண்மையாவோ?"

"ஓம்."

"காய்ஞ்சாப் பிறகு என்ன நிறம்?"

படிவத்தை விரித்துப் பட்டறை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தான். காலையில் கண்ட தேத்தண்ணி நிறம் இப்போது இல்லை. எழுத்து தாளுக்குள் இறங்கி அமர்ந்திருந்தது.

"நான் தச்சுவேலை செய்யிறனான், தம்பி. வேம்பை அறுத்து ஒரு வருஷம் போட்டுவைச்சால் பலகையில ஒரு நிறம் வரும். அது. சிவப்பில்லை."

அந்தப் பக்கத்தில் விஜிதரன் சிரித்துவிட்டான். "அதுதான் அண்ணை! அதைத்தான் அக்கா கேட்டவா. நாலு மாசம்!"

முன்பக்கம் பறை தொடங்கியது. ஜனகன் போனைக் காதோடு அழுத்தினான்.

"என்ன சத்தம் அண்ணை அங்கை?"

"பறை."

"அயலிலை ஆரும் மோசம் போயிட்டினமோ?"

"எங்கட வீடு."

"அம்மாவோ?"

"இல்லை."

பறை ஒரு சுற்று அடித்து ஓய்ந்து மறுபடி தொடங்கியது. வவுனியாவில் எங்கேயோ ஒரு கண்ணாடிப் போத்தல் மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"அண்ணை... நான் இப்ப வெளிக்கிடுறன்."

"மூண்டு மணிக்கு எடுக்கிறம். வந்து சேரமாட்டீங்கள். மெல்ல ஆறுதலா ஒரு நாளைக்கு வாங்கோ."

"அண்ணை, அக்கா என்னட்டை வருத்தமெண்டு ஒரு நாளும்..."

"மையை அடையுங்கோ தம்பி" என்றான் ஜனகன். "நல்லாத்தான் இருக்கு."

மூன்று மணிக்கு எடுத்தார்கள். பெட்டிக்குப் பின்னால் நடந்தபோது அதன் மூலைப்பொருத்தைத்தான் பார்த்துக்கொண்டு போனான். வெட்டிப் பொருத்தாமல் ஆணிதான் அடித்திருந்தார்கள். மேலே பட்டி பூசி மறைத்திருந்தார்கள். கொள்ளி வைக்கிறபோதும் அந்த மூலை கண்ணில் பட்டது. தோளில் யாரோ கையை வைத்துத் திருப்பி, பின்னால் பார்க்காமல் நடக்கச் சொன்னார்கள். நடந்தான். வாய்க்காலில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு வீடு வந்தபோது நாலேமுக்கால்.

முற்றத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். பந்தலுக்குக் கீழே பேச்சியம்மா தனியே இருந்தாள். எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டுத் தகப்பனோடு வந்தவள். இங்கே வந்து காடு வெட்டி, மூன்று தரம் வீடு கட்டியவள். எழுத்து மட்டும் படிக்கவில்லை. ஜனகன் உடுப்பு மாற்றிக்கொண்டு அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தான்.

"தம்பி" என்றாள். விடிந்ததிலிருந்து அவள் வாய்திறந்தது அப்போதுதான். "அந்தப் புள்ள அந்தக் கொப்பில என்னாதான் எழுதுவா?"

"மையைப் பற்றி, அம்மா."

"மையப் பத்தி மட்டுந்தானா? நம்மளப் பத்தி ஒண்ணும் இல்லியா?"

அவன் பட்டறைக்குப் போய்க் கொப்பியை எடுத்துவந்து பக்கம் பக்கமாகப் பார்த்தான். ஒவ்வொரு பக்கமும் தேதி போட்டு, தாள் எது, நிப் எது என்று எழுதி, கீழே கோடிழுத்து முடித்திருந்தாள்.

"இல்லை."

"சரி. இருக்கிறத வாசி."

அவன் நடுவில் ஒரு பக்கத்தில் தொடங்கினான்.

"'திங்கள். மிசினில் இருந்து எழுதியது. கோடுகள் நேராக இல்லை. கை நடுங்கியது, அது மையின் பிழை அல்ல.'"

"பெறகு?"

"'எழுதும்போது பச்சை கலந்த மாதிரி. ஒரு நிமிஷத்தில் பச்சை போய்விட்டது.'"

"எங்க போச்சாம்?"

"அது எழுதேல்லை, அம்மா."

படலையடியில் லாண்ட்மாஸ்ரர் உழவுயந்திரம் வந்து நின்றது. வாடகைச் சாமான்களை எடுக்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். வெளியே கிடந்த கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி ஏற்றிவிட்டு, பந்தலுக்குள் வந்து தயங்கி நின்றார்கள்.

"அண்ணை, இந்த ரெண்டு கதிரையுந்தான் மிச்சம்."

பேச்சியம்மா எழும்பினாள். சேலைத் தலைப்பால் கதிரையை ஒருமுறை துடைத்து அவர்களிடம் தள்ளினாள். ஜனகனும் எழும்பித் தன்னுடையதைக் கொடுத்தான். அவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"வாசி" என்றாள்.

அவன் வெளிச்சம் விழுகிற பக்கமாகத் திரும்பி நின்று பக்கத்தைப் புரட்டினான். "'வியாழன். மழை. தாள் ஈரம் இழுத்திருக்கிறது. காய ஒன்பது விநாடி...'"

பேச்சியம்மா பந்தல் காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள்.