லவோன் தேர்ந்தெடுத்த படிப்பு

எங்கள் ஊரில் இருந்த கடைசி டாக்டரும் வேலையை விட்டுப் போன பிறகு ட்ரூடிதான் எல்லாருக்கும் வைத்தியம் பார்த்தாள். அவள் டாக்டர் இல்லை, நர்ஸ் பிராக்டிஷனர். நர்ஸாக இருந்து மேல்படிப்பு முடித்து, நோயாளியைப் பார்த்து மருந்து எழுதிக் கொடுக்கும் உரிமை வாங்கியவள். வடக்கு டகோட்டா மாநிலத்தில் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு அது போதும். அடுத்த டாக்டரைப் பார்க்க மைனாட் நகரம்வரை வண்டி ஓட்ட வேண்டும்.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் நான் எக்ஸ்ரே எடுப்பவள். லவோன் அங்கே நர்ஸ். அவளும் ட்ரூடியும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதிகள்.

"நீயும் படிச்சிடுடி. தனியா என்னால முடியல. எனக்கு ஜுரம் வந்தாகூட நானேதான் எனக்கு வைத்தியம் பாத்துக்கறேன்" என்று ட்ரூடி ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

"இந்த வயசுலயா?"

"ஏன், மூளைய வித்துட்டியா?"

லவோன் சிரித்தாள். ஆனால் அன்று சாயங்காலமே தேட ஆரம்பித்துவிட்டாள். வேலையை விட முடியாது. அதனால் பகுதி நேரப் படிப்பு, அதுவும் வீட்டிலிருந்தே கணினியில் படிப்பதாக இருக்க வேண்டும். குளிர்காலம் முழுக்க அதே பேச்சுதான். ஒரு தடவை விசாரித்ததற்கு ஒரு பள்ளி தினமும் போன் செய்தது. "உங்க கனவுக்குத் துணையா நாங்க இருக்கோம், லவோன்" என்று உருகிய அந்தப் பையனைப் பற்றி, "என் புருஷன்கூட இவ்வளவு ஆசையா என்னைக் கூப்பிட்டதில்ல" என்பாள்.

கடைசியில் இரண்டு பள்ளிகள் நின்றன. ஒன்று எங்கள் மாநிலத்திலேயே உள்ளது. பாடங்கள் வீட்டிலிருந்து, ஆனால் நோயாளிகளைப் பார்த்துப் பழகும் பயிற்சிக்கு மாநிலத்தின் மறுகோடியில் உள்ள ஃபார்கோ நகரத்துக்குப் போய்ப் பல வாரங்கள் தங்க வேண்டும். இடத்தையும் சொல்லித்தரும் ஆளையும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். மற்றது எங்கோ தூரத்தில் உள்ள பள்ளி, போன் பையனின் பள்ளி. வீட்டை விட்டு நகரவே வேண்டாம். பயிற்சி இடத்தை மட்டும் நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

நான் முதலாவதைச் சொன்னேன். அவள் கணவன் ஓரினும் அதையே சொன்னான். ஆனால் அவர்கள் மகன் கோல்பிக்கு வலிப்பு வரும். இருபது வயதுப் பிள்ளை, நல்ல உயரம், குழந்தை மனசு. வலிப்பு வந்தால் லவோன்தான் பக்கத்தில் இருப்பாள்.

"நீ போயிட்டு வா. நான் பாத்துக்கறேன்" என்றான் ஓரின். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"நீயா? போன தடவை நீ நடுங்கின நடுக்கத்துல, உன்னையும் அவன் பக்கத்துல படுக்க வெச்சேன், ஞாபகம் இருக்கா?"

ஓரின் தொப்பியை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டான். கன்று போடும் பருவம், வேலை இருந்திருக்கும்.

இதைக் கேள்விப்பட்டதும் ட்ரூடி கைகொட்டிச் சொன்னாள்: "ஃபார்கோ எதுக்குடி? பயிற்சிக்கு நான் இருக்கேன்ல? என் அறையிலேயே உக்காந்து படி." அதோடு பேச்சு முடிந்தது. லவோன் இரண்டாவது பள்ளியில் சேர்ந்தாள்.

கோல்பி தன்னைப் போன்ற பிள்ளைகளுக்கான பகல்நேரப் பட்டறையில் இருக்கும்போது அவள் வண்டிக்குள் உட்கார்ந்து பாடம் கேட்பாள், கண்ணாடி முழுக்கப் பனி மூடியிருக்கும். ஒரு பரீட்சையின் நடுவில் இணையம் போய், நூலகத்துக்கு ஓடி மிச்சத்தை எழுதினாள். மதிப்பெண்கள் நன்றாகவே வந்தன. மளிகைக் கடையில் ஆட்கள் அவளை வழிமறித்து நாக்கை நீட்டிக் காட்ட ஆரம்பித்தார்கள். "இன்னும் பாஸாகல, நாக்கை உள்ள போடுங்க" என்பாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பாடங்கள் முடிந்து பயிற்சி தொடங்க வேண்டிய இலையுதிர் காலத்தில் ட்ரூடி எங்கள் இருவரையும் ஓய்வறைக்குக் கூப்பிட்டாள். உட்காரவில்லை.

"நான் போறேன். அரிசோனாவுக்கு, என் தங்கச்சிகிட்ட. இந்த மாசம் கடைசி."

லவோனுக்குப் புரியவில்லை. "லீவுலயா?"

"இல்லடி. போறேன்."

"ட்ரூடி, என் பயிற்சி..."

"தெரியும்."

"ஒரு வருஷம் பொறுத்துக்கோ. ஒரே வருஷம்."

"ஒரு வாரம்கூட முடியாது. காலையில வண்டிய நிறுத்திட்டு உள்ள வர முடியாம அழறேன். போன வாரம் ஒரு குழந்தைக்கு மருந்தளவு தப்பா எழுதினேன். மருந்துக்கடைக்காரர் போன் பண்ணதால பொழைச்சுது. அடுத்த தடவை அவர் கவனிக்கலன்னா?"

லவோன் அவளைத் திட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள். ட்ரூடி அந்தக் கையை விடுவித்துக்கொண்டு அழுதபடியே வெளியே போனாள்.

அதற்குப் பிறகு லவோன் போனும் கையுமாக அலைந்தாள். மைனாட், வில்லிஸ்டன், எல்லை தாண்டி மொன்டானா. ஓரிடத்தில் தங்கள் மாணவர்களுக்கே இடமில்லை என்றார்கள். இன்னோர் இடத்தில், உன் பள்ளியோடு எங்களுக்கு ஒப்பந்தம் இல்லை என்றார்கள். ஒரு டாக்டர் சரியென்று சொல்லி, அடுத்த வாரம் தன் மனைவி மூலமாக முடியாது என்று சொல்லி அனுப்பினார். பள்ளிக்குப் போன் செய்தால், உருகிப் பேசிய பையன் வேலையில் இல்லை. வேறொரு பெண் போனில் வந்தாள். "இடம் தேடுறது மாணவரோட பொறுப்பு. சேரும்போதே சொல்லியிருக்கோமே."

ஃபார்கோ பள்ளிக்கும் எழுதிப் பார்த்தாள். படித்த பாடங்களில் பெரும்பாலானதை ஏற்க முடியாது, கிட்டத்தட்ட முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று பதில் வந்தது. இடம் தேட அவளுடைய பள்ளி கொடுத்த அவகாசம் தீர்ந்ததும் அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ட்ரூடி இருந்த அறையில் இப்போது செவ்வாய்க்கிழமை மட்டும் ஒரு டாக்டர் கணினித் திரையில் தெரிவார். வசந்தத்தில் ஹார்லன் என்கிற விவசாயி லவோன் வீட்டுச் சமையலறையில் பூட்ஸைக் கழற்றினார். சர்க்கரை வியாதிக்காரர். பாதத்தில் புண், சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது.

"நீதான் முக்கால் டாக்டராச்சே. முக்கால் மருந்துச்சீட்டு எழுதிக் குடு."

"விளையாடாதீங்க. என்னால எழுத முடியாது. இன்னைக்கே மைனாட் ஆஸ்பத்திரிக்குப் போங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

"விதைப்பு முடியட்டும். முன்னெல்லாம் ட்ரூடி நின்ன இடத்துலயே எழுதிக் குடுப்பா."

அவள் எவ்வளவோ கெஞ்சியும் அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார். மறுநாளும் அதற்கு மறுநாளும் வயலுக்கே போய் நின்றாள். அவர் டிராக்டரிலிருந்து இறங்கவில்லை. பிறகு அவரை எங்களிடம் தூக்கிக்கொண்டு வந்தபோது, மைனாட்டுக்கு அனுப்பி முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. அவர் பிழைத்தார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்.

அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லவோன் வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது கோல்பி சோபாவில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஓரின் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

"மத்தியானம் வலிப்பு வந்துச்சு. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சேன், கடிகாரத்தைப் பாத்தேன், அஞ்சு நிமிஷமாகியும் வலிப்பு நிக்கல. மூக்குல மருந்து அடிச்சேன். நின்னுடுச்சு."

"எனக்கு ஏன் போன் பண்ணல?"

"நீ வேலையில இருந்த. எனக்குத்தான் தெரியுமே."

"எப்படித் தெரியும்?"

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "நீ ஃபார்கோ போவன்னு நெனச்சு, அந்தக் குளிர்காலத்துலயே வட்டார நர்ஸ்கிட்ட போய்க் கத்துக்கிட்டேன். சொன்னா சிரிப்பியோன்னு சொல்லல. அப்புறம் நீதான் போகலையே."

மறுநாள் எக்ஸ்ரே அறையின் இருட்டில் நின்று இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னாள். பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று சந்தோஷப்படத்தானே வேண்டும், அது வரவில்லையே என்றாள். "அவன் குத்திக்காட்டவே இல்ல. குத்திக்காட்டியிருந்தா பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்." சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே யாரோ கையொடிந்த குழந்தையோடு காத்திருந்தார்கள், அழுகைச் சத்தம் கேட்டது. அவள்தான் முதலில் எழுந்து போனாள்.

மறுபடி சேரச் சொல்லி ஒருமுறை பேச்செடுத்தேன். "பயிற்சி எங்கடி?" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போனாள். இப்போது வார இறுதி வேலையெல்லாம் அவளே கேட்டு வாங்கிக்கொள்கிறாள். ஏன் இப்படி உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று கேட்டேன்.

"வீட்டுல எனக்கு என்ன வேலை இருக்கு?" என்றாள்.