பறைக்கு ஆள் வேண்டும்

கீர்த்தனை படித்த டீச்சர் சினிமாப் பாட்டு சொல்லித் தருவதா என்று ஹெட்மாஸ்டர் கோவர்த்தனன் முகம் சுளித்தார். சுளிக்கட்டும். ஆந்திர எல்லையில் விஜயபுரம் பக்கத்து ஹைஸ்கூல், தொண்ணூற்றெட்டாம் வருஷம். என் ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் தெலுங்கு, பாதிப் பேர் தமிழ். ஆனால் பஸ்ஸில் எல்லாரும் கேட்பது ஒரே கேசட்டைத்தான். அதை வைத்தே தாளம் சொல்லிக்கொடுத்தேன். வாயே திறக்காத பிள்ளைகளும் பாடின. இந்த சுலோசனாவுக்குத் தெரியாத வித்தையா என்று தலைக்கனம் ஏறிவிட்டது.

அதில்தான் சறுக்கினேன். ஆண்டு விழாப் பாட்டுக்குப் பறை வேண்டியிருந்தது. என் வகுப்பு சிவசங்கரி வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பறை அடிப்பவர்கள் என்று தெரியும். "உங்க வூட்டுப் பறைய கொண்டாம்மா, நீயே அடி. உங்களுக்குப் பெருமைதானே" என்று வகுப்பு நடுவே சொன்னேன். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

நான்காம் நாள் அவள் ஊருக்கே போனேன். அவள் அம்மா லட்சுமம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"சாவுக்கு அடிக்கமாட்டேன்னு சொல்லிட்டுத்தான் டீச்சரம்மா, எங்க வூட்டுக்காரரு மெட்ராஸு கம்பெனிக்குப் போனாரு. ஊர்ல இன்னும் கூப்ட்டுக்கினுதான் கீறாங்க. இஸ்கூல்லயும் கூப்ட்டா பொண்ணு எங்க போவும்? படிச்சது போதும்."

"தப்பு என்னுதுதான்" என்றேன். உள்ளே நின்ற சிவசங்கரியிடம், "உனக்கு என்ன வாசிக்க ஆசை?" என்று கேட்டேன்.

"ஆர்மோனியம். நீங்கதான் யாரையும் தொட உடமாட்டீங்களே."

"நாளைக்கு வந்து தொடு."

"அப்போ பறைய யாரு அடிப்பா?" லட்சுமம்மா சிரித்தாள். "வேற ஒருத்தர் வூட்டுப் புள்ள அத கையில எடுக்கட்டும். அன்னிக்கே அனுப்பறேன்."

வகுப்பில் கேட்டேன். ஆளாளுக்குக் குனிந்து நோட்டைப் புரட்டினார்கள். கடைசியில் பெரிய நிலக்காரர் திருமலையின் மகன் திலீப் கை தூக்கினான். புத்தூரில் பறை வாங்கினேன். சொன்னபடி லட்சுமம்மா மகளை அனுப்பினாள். ஒரே வாரத்தில் சிவசங்கரி ஆர்மோனியத்தில் பல்லவியைப் பிடித்துவிட்டாள்.

ஒத்திகைக்கு நடுவே திருமலை வந்து நின்றார்.

"எம் பையன் பறை அடிக்கறதா? ஊர் என்ன பேசும்?"

திலீப்பின் கை நின்றது. நான் அவனைப் பார்க்காமல் அவரைப் பார்த்தேன்.

"தாளம் கொஞ்சம் உதைக்குதுங்க" என்றேன். "ஆனா கவலப்படாதீங்க. சிவசங்கரி சொல்லிக்கொடுத்துக்கினு இருக்கா."