டப்பா வேறு, படம் வேறு

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் அவருக்குப் 'பவர்' என்று பெயர் விழுந்துவிட்டது. எதிரில் வருகிறவரின் கண்ணைப் பார்த்தே என்ன பவர் இருக்கும் என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடுவார். பாதிக்கு மேல் தப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்கிற தோரணையில் ஒரு குறையும் வைக்கமாட்டார்.

அதே தோரணையில்தான் அன்று காலை மச்சினன் முன்னால் அந்த டப்பாவை நீட்டினார்.

மச்சினன் வெளிநாட்டிலிருந்து சில நாள் விடுப்பில் அக்கா வீட்டுக்கு வந்திருந்தான். அவன் தவழ்ந்துகொண்டிருந்த வயதிலேயே அவனுடைய அப்பா இறந்துபோய்விட்டார். அவர் பஸ் டிரைவர். ஒரு படத்துக்காக அவர் ஓட்டிய பஸ்ஸை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். டிரைவராக நடிக்க வந்தவர் கியர் போட்ட சத்தத்தில் ஊரே திரும்பிப் பார்த்ததாம். "நீங்களே உட்காருங்க" என்று டைரக்டர் இவரை உட்கார வைத்துவிட்டார். படத்தில் அரை நிமிஷம் வருவார். புகைப்படத்தில் விறைப்பாக நிற்கிற அப்பாவை மகன் நிறையப் பார்த்திருக்கிறான். அசைகிற அப்பா அந்த அரை நிமிஷத்தில்தான் இருந்தார்.

முந்தின நாள் சாயங்காலம் அக்காவும் தம்பியும் ஓடிடியில் அந்தப் படத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். கதாநாயகன் வந்தான், மழை வந்தது, சண்டை வந்தது. பஸ் மட்டும் வரவில்லை. படம் நீளம் என்று எங்கேயோ யாரோ கத்தரி போட்டிருந்தார்கள். "நெட்டு ஏதாவது மக்கர் பண்ணியிருக்கும்" என்று தம்பி இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தான். அக்கா எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். பவர் மட்டும் நிம்மதியாகத் தூங்கினார். துருப்புச்சீட்டு அவரிடம் இருந்தது.

"வீட்டுல இருந்த டிஸ்க் அத்தனையும் போன வாரம் பழைய சாமான் கடைக்குப் போயாச்சு மாப்ளே. எங்க பொண்ணு, உன் மருமக, ஓடிடி போட்டுக் குடுத்துட்டா. உங்கக்காவுக்கு அலமாரி காலியாகணும். ஆனா இதை விடுவேனா? தனியா எடுத்து என் சட்டைக்கு அடியில ஒளிச்சு வச்சேன்."

மச்சினன் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கினான். மேலட்டையைத் தடவிப் பார்த்தான். திறந்தான். உள்ளே ஒரு பேய்ப் படம் இருந்தது.

"மாமா, இது..."

பவர் டப்பாவைத் திரும்ப வாங்கி மூடி, மறுபடி திறந்து பார்த்தார்.

அந்த வீட்டில் டிஸ்க் வைக்கிற முறையை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு படம் பார்த்து முடித்து இன்னொன்றைப் போடும்போது, பழைய டிஸ்க்கை அதன் சொந்த டப்பாவில் வைக்க வேண்டுமானால் எழுந்து அலமாரிவரை போக வேண்டும். கையிலோ புதுப் படத்தின் டப்பா காலியாக இருக்கிறது. பழையதை அதிலேயே வைத்து மூடிவிட்டால் வேலை முடிந்தது. மனைவி இதைச் சோம்பேறித்தனம் என்பாள். பவர் 'ஏற்பாடு' என்பார். இப்படியே பல வருஷம் ஓடியதில், ஒவ்வொரு படமும் தனக்கு அடுத்துப் பார்த்த படத்தின் வீட்டில் குடியிருந்தது. வீட்டாருக்கு இதில் கஷ்டமே கிடையாது. இதற்கு அப்புறம் எதைப் பார்த்தோம் என்று யோசித்தால் போதும், டிஸ்க் கைக்கு வந்துவிடும். வெளியாட்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கென்று கார்ட்டூன் படம் வாங்கிப் போன எதிர்வீட்டுக்காரர், உள்ளே இருந்த கொலைப் படத்தைப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு பவரைப் பார்த்தால் தலையாட்டுவதையும் நிறுத்திவிட்டார்.

இவ்வளவு பெரிய ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மனிதர், வீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு குடியிருந்தவரைப் பழைய சாமான் கடைக்கு அனுப்பியிருந்தார்.

மனைவி சமையலறை வாசலில் நின்றாள். ஆஸ்பத்திரியில் அடுத்தவர் முட்டியை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்கிறவள். எவ்வளவு வலித்தாலும் நோயாளி கத்தலாம், அவள் கத்தமாட்டாள். இப்போதும் கத்தவில்லை. கத்தியிருந்தால் பவர் ஏதாவது ஜோக் அடித்துச் சமாளித்திருப்பார்.

"அதுக்கு அப்புறம் எதைப் பார்த்தோம்?" என்று மட்டும் கேட்டாள்.

"இரு, யோசிக்கிறேன். நீ அழுதுக்கிட்டே இருந்தே. மனசு மாறட்டும்னு சிரிப்புப் படம் ஒண்ணு போட்டேன்."

"நான் எங்க அழுதேன்? நீங்கதான் அழுதீங்க."

"எனக்கு அன்னிக்கு ஜலதோஷம்."

"எங்கப்பா பஸ்ஸைத் திருப்புறப்ப வந்து, பஸ் போனதும் போயிடுச்சு உங்க ஜலதோஷம்."

மச்சினன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். "சிரிப்புப் படம்னா எது மாமா?"

"கல்யாண வீட்டுல மாப்பிள்ளை காணாம போவானே, அது. டப்பா மஞ்சள் கலர். உங்கப்பா அதுக்குள்ளதான் இருக்கார். கிளம்பு."

பேய்ப் படத்தையும் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினார்கள்.

கடையில் இஸ்திரிப் பெட்டிகளும் கழுத்துத் திரும்பாத மின்விசிறிகளும் நடைபாதைவரை வழிந்திருந்தன. கடைக்காரம்மா மூக்கு நுனியில் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். பவர் வழக்கம்போலக் கண்ணைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டார். இன்று அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. உதவி கேட்க வந்த இடம்.

"மஞ்சள் டப்பாவா?" கடைக்காரம்மா நிமிர்ந்தார். "அந்த மூட்டை உங்க வீட்டுதா சார்? நல்லா இருக்கீங்களா? வீட்டுல எல்லாருக்கும் புத்தி சுவாதீனமா இருக்கா?"

"சுமாரா இருக்கு" என்றார் பவர்.

"ஒரு டப்பாவுலயாவது அதுக்குண்டான டிஸ்க் இருந்துச்சா? ஒவ்வொண்ணா எடுத்து, அதது வீட்டுல அததை வச்சு முடிக்கிறதுக்குள்ள முதுகு போச்சு."

மஞ்சள் டப்பா மேலேயே இருந்தது. பவர் திறந்தார். உள்ளே மாப்பிள்ளை காணாமல் போகிற படமேதான் இருந்தது. உலகத்தில் எல்லாம் சரியாக இருப்பதைப் பார்த்து ஒரு மனிதனுக்கு இவ்வளவு பயம் வரும் என்று அவர் நினைத்ததில்லை.

"அப்ப அந்த பஸ் படம்?" மனைவியின் குரல் இறங்கிவிட்டது.

"எந்தப் படமோ தெரியாதும்மா. எல்லாம் முடிச்சதும் ஒரு டிஸ்க் வீடில்லாம நின்னுச்சு, ஒரு பேய் டப்பா ஆளில்லாம நின்னுச்சு. டப்பா இல்லாததை யாரு வாங்குவா? தூக்கிப் போடவும் மனசு வரலை." சொல்லிக்கொண்டே மேசை இழுப்பறையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய டிஸ்க்கை எடுத்தார்.

பவர் பேயை நீட்டினார். பஸ் கைக்கு வந்தது. அந்தப் பரிமாற்றத்தில் இரண்டு தரப்புக்குமே திருப்தி.

"இதையெல்லாம் இன்னும் வாங்குறாங்களாம்மா?" என்று மச்சினன் கேட்டான்.

"இப்பதான் தம்பி தேடி வர்றாங்க. நேத்து இருந்துச்சு, இன்னிக்குக் காணோம்னு வருவாங்க. படம் இருக்கு, பாட்டை மாத்திட்டாங்கன்னு வருவாங்க. அதுக்காக இது என்னிக்கும் இருக்கும்னு சொல்லமாட்டேன். டிஸ்க்கும் ஒரு நாள் மங்கும், பிளேயருக்கு உதிரிப்பாகம் கிடைக்காது. அதுவரைக்கும் யாரும் நம்ம வீட்டுக்குள்ள வந்து கத்தரி போட முடியாது இல்லையா, அவ்வளவுதான்."

பிளேயர் என்றதும்தான் பவருக்கு ஞாபகம் வந்தது. அதையும் இந்தக் கடைக்கே கொடுத்திருந்தார். மனைவி அவர் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பாத அந்தக் கழுத்தே எல்லாவற்றையும் சொன்னது. நல்ல வேளையாகக் கடைக்காரம்மா அதை ஒரு சின்ன டிவியோடு இணைத்துச் சரக்கைச் சோதித்துப் பார்க்க வைத்திருந்தார். "இங்கயே பாருங்க, உங்க பெட்டிதானே" என்று ஒரு ஸ்டூலை நகர்த்தினார். யாரும் உட்காரவில்லை.

பஸ் வந்தது. ஜன்னலில் முழங்கை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் திரும்பி, "உள்ள போங்க, உள்ள போங்க, பின்னாடி எடம் இருக்கு" என்றார். கியரைத் தட்டினார். உதட்டோரம் ஒரு சிரிப்பு. பஸ் திருப்பத்தில் மறைந்தது.

"நானும் இப்படித்தான் முழங்கை வைப்பேன்" என்றான் மச்சினன். வண்டி ஓட்டுகிற எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். பவர் அதைச் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் சொல்லாமல் விட்ட ஜோக்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மறுபடி ஓட்டினார்கள். மச்சினன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "என்ன கனமான குரல் அக்கா அப்பாவுக்கு. மணி அடிக்கிற மாதிரி."

பவர் மனைவியைப் பார்த்தார். இருவருக்கும் தெரியும். பையன் இதை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று பவரின் மனம் சொன்னது. அவள் முகத்தில் அதே யோசனை ஓடி, நின்று, திரும்பியது.

"அது அப்பா குரல் இல்லடா."

"என்ன?"

"ஸ்டுடியோவுக்குப் போய் டப்பிங் பேச அவருக்கு லீவு கிடைக்கலை. வேற யாரோ பேசினது."

மச்சினன் டிவியைப் பார்த்துக்கொண்டே நின்றான். வாங்கிய பொருளைப் பாதி திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது அவன் முகம். "அப்ப அப்பா குரல் எப்படி இருக்கும்?" என்று கேட்டான்.

அவள் கடைக்காரம்மாவிடம், "சத்தத்தை நிறுத்த முடியுமா?" என்றாள். பிறகு கணவரிடம், "திரும்ப விடுங்க" என்றாள்.

சத்தமில்லாமல் பஸ் வந்தது. மனிதர் திரும்பினார். பவர் இத்தனை வருஷத்தில் கேட்டிராத ஒரு குரல் மனைவியின் தொண்டையிலிருந்து வந்தது. மெலிசாக, கொஞ்சம் மூக்கால் பேசுகிற மாதிரி, கடைசி எழுத்தை இழுத்துவிடுகிற குரல். "உள்ள போங்கோ... உள்ள போங்கோ..." அவள் முடிப்பதற்குள் அப்பா வாயை மூடிவிட்டார்.

"ஒத்து வரலை. நீங்க சீக்கிரம் விட்டுட்டீங்க."

"நான் எங்க விட்டேன், அவர் அவசரத்துல இருக்கார்."

"திரும்ப."

பவர் பிளேயருக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். பொத்தானில் விரல் வைத்து, அவள் மூச்சை இழுக்கிற நேரம் பார்த்துப் படத்தை ஓடவிட்டார். இந்தத் தடவை முன்பாதி ஒத்து வந்தது. அடுத்த தடவை பின்பாதி. கடைக்காரம்மா, வாசலில் விலை கேட்டு வந்த ஒருவரைக் கையைக் காட்டி அங்கேயே நிறுத்தினார்.

"பின்னாடி எடம் இருக்கு" என்றாள் அக்கா, அப்பாவின் வாய் அசையும்போதே.

மச்சினன், பஸ் படியில் நிற்கிறவன் நகர்வதுபோல, திரைப் பக்கமாக இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி நின்றுகொண்டான்.