தலைமாட்டுக் கம்பம்

என் கணவர் நிரஞ்சனின் சாவைப் பற்றித் தோட்ட நிர்வாகம் எழுதிய அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது: "அனுமதி பெறாத உபகரணம் ஒன்றைக் கையில் வைத்திருந்தார்." அந்த உபகரணம் ஒரு அன்டெனா. அது ஏன் அவர் கையில் இருந்தது என்பதை எவரும் எழுதவில்லை. அதை நான் எழுதுகிறேன்.

நோர்வூட்டிலிருந்து மேலேறும் பாதையில், தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழும் எங்கள் லயம். பல காம்பராக்களுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. அவர் தேயிலை ஃபெக்டரியில் எலக்ட்ரிஷன், நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி, அமெச்சூர் வானொலிக்கு லைசன் வாங்கி வந்தவர் அவர். பூமியைச் சுற்றும் சிறிய செய்மதிகளின் சத்தத்தைக் கேட்க வேண்டும், அவற்றின் வழியே எங்கேயோ இருக்கும் மனிதரோடு பேச வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஒரு செய்மதி எங்கள் மலைகளுக்கு மேலே தோன்றிப் பத்து நிமிடத்துக்குள் மறைந்துவிடும். அதற்குள் பேச வேண்டும்.

"பத்து நிமிஷத்துக்கு இவ்வளவு பாடாங்க?" என்று நானும் கேட்டிருக்கிறேன்.

"கல்யாணத்துல தாலி கட்ட எவ்வளவு நேரமாச்சு? அதுக்கு எத்தனை மாசம் ஓடுனோம்?" என்றார்.

அன்டெனாவைத் தேர்ந்தெடுக்கவே அவருக்கு ஒரு வருடம் போனது. மேசையில் மூன்று படங்கள் கிடக்கும். முதலாவது, இரண்டு மோட்டார் பூட்டிய நீளமான இரட்டை அன்டெனா. ஒரு மோட்டார் பக்கவாட்டில் திருப்பும், மற்றது மேலும் கீழும் சாய்க்கும். கொழும்பு நண்பர்கள் வைத்திருப்பது அதுதான்.

"அவங்க கடலோரத்துல இருக்காங்க. செய்மதி அடிவானத்துல தலையக் காட்டுனதுமே புடிக்கணும், அதுக்கு நீளம் வேணும். நமக்கு ஏது அடிவானம்? சுத்தி மலை. மலையத் தாண்டி மேல வர்றப்ப அது நமக்குக் கிட்டத்துல வந்துரும். சின்னதே போதும்" என்பார்.

மூன்றாவது, செப்புக் குழாயைச் சுருளாக முறுக்கிச் செய்வது. மோட்டாரே வேண்டாம். அசையாமல் நின்று முழு வானத்தையும் பார்க்கும். ஆனால் மெல்லிய சத்தங்களைத் தவற விட்டுவிடும் என்று அதை ஒதுக்கினார். இரண்டாவதுதான் அவருக்குப் பிடித்தது. சிலுவை சிலுவையாகக் குறுக்குக் கம்பிகள் வைத்த குட்டை அன்டெனா. ஒரே சாய்வில் மேல்நோக்கிப் பூட்டிவிட்டு, பக்கவாட்டில் மட்டும் திருப்பினால் போதும். எங்கள் பள்ளத்தாக்குக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது.

எதைத் தேர்ந்தாலும் அதை நிறுத்த ஒரு கம்பம் வேண்டும். கம்பத்துக்கு ஒரு சாண் நிலம் வேண்டும். கூரை தோட்டத்துடையது, வாசல் தோட்டத்துடையது, வாசலைத் தாண்டித் தண்ணீர் ஓடும் கான் தோட்டத்துடையது. எங்கள் பாட்டன் பூட்டன் காடு வெட்டிய மண்ணில் ஒரு குழி தோண்ட அவர் ஆபீசுக்குப் போய்க் கைகட்டி நின்றார்.

"எதுக்கு?" என்று கேட்டாராம் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை.

துரையின் பங்களாவுக்குப் பின்னால் டென்னிஸ் விளையாட ஒரு தளம் இருக்கிறது. அது எதற்கு என்று எந்தத் துரையிடமும் எவரும் கேட்டதில்லை. எதற்கு என்ற கேள்வி எங்களுக்கு மட்டும் வைத்த கேள்வி.

"லயத்துல எல்லார் கூரையிலயும் டிஷ் அன்டெனா இருக்குங்க ஐயா" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

"அது பாக்கிறது. இது பேசறது. ரெண்டும் வேற" என்றாராம் துரை, தன் அரைகுறைத் தமிழில்.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் பார்க்கலாம், பேசக்கூடாது. இவ்வளவு தெளிவாக அதை எங்களிடம் யாரும் சொன்னதில்லை.

கோயில் கமிட்டித் தலைவர் இராமையா அண்ணன் ஒரு வழி சொன்னார். "தம்பி, கம்பத்த நட்டு அடியில ஒரு சூலத்தச் சொருகிரு. ரெண்டு எலுமிச்சம்பழம், கொஞ்சம் குங்குமம். முனியாண்டின்னு சொல்லிருவோம். எந்தத் தொரை கை வைப்பான்?"

"முனியாண்டி இங்கிலீசுல பேசுனா தொரை நம்பிருவாராண்ணே?"

"நம்மகிட்டத்தான்டா சாமி பேசல, தொரைகிட்ட இங்கிலீசாவது பேசட்டும்."

இவர் மறுத்துவிட்டார். "லைசன் என் பேருல இருக்கு. நான் எதுக்குச் சாமி வேஷம் போடணும்?"

ஆகவே படத்தில் இல்லாத நான்காவதைத் தேர்ந்தார். கையில் பிடிக்கும் அன்டெனா. அலுமினியக் குழாயில் சில கம்பிகள், அவ்வளவுதான். அதற்கு யாருடைய நிலமும் தேவையில்லை. பாதை வளைவில் கல்மதிலோரம் நின்று, செய்மதி போகும் பக்கமெல்லாம் கையை நீட்டித் திருப்புவார். சத்தம் தேயும்போது மணிக்கட்டை மெல்ல முறுக்குவார், தெளிந்துவிடும். கேரளாவில் ஒருவரோடு பேசினார். மஸ்கட்டில் ஒருவர் இவர் குரலைக் கேட்டு, "மழையா அங்கே?" என்று விசாரித்தார்.

அந்தக் கல்மதில் வயிறு தள்ளி நிற்கிறது என்று லயத்தார் இரண்டு வருடமாகச் சொல்லிவந்தார்கள். அடுத்த வருடம் கட்டுவோம் என்பதே பதில். மழை வெறித்த ஒரு பின்னேரம், இவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மதில் இவரோடு சரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. மதிலைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

எங்கள் மயானம் மலை முகட்டில் இருக்கிறது. காற்று அடித்துத் தேயிலை வளராத நிலம், அதனால்தான் எங்களுக்கு விட்டார்கள். கருமாதி முடிந்து, அவரைப் புதைத்த இடத்தில் கல்லறை கட்ட அளவு பார்க்கப் போன அன்று நிமிர்ந்து பார்த்தேன். நாலு பக்கமும் அடிவானம் தெரிந்தது. உயிரோடு அவருக்குக் கிடைக்காத வானம் அங்கே சும்மா கிடந்தது. கல்லறை கட்ட எங்கள் தோட்டத்தில் எவரும் அனுமதி கேட்பதில்லை. கேட்காமல் எங்களுக்குக் கிடைக்கும் நிலம் அது ஒன்றுதான்.

கொத்தனார் சுதாகரனிடம், தலைமாட்டில் இருபதடிப் பைப் ஒன்றைக் கொங்கிரீட்டோடு சேர்த்து நட வேண்டும் என்றேன்.

"என்னா டீச்சர், கொடியேத்தவா?"

"அன்டெனா வைக்க."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு, "அப்ப கம்பத்துக் குழிய இன்னும் ரெண்டடி ஆழமா வெட்டணும். இல்லேன்னா காத்துக்கு ஆடும்" என்றார்.

அங்கே அடிவானம் இருந்ததால் கொழும்பு நண்பர்களின் நீள அன்டெனாவே பொருத்தம். ஆனால் மயானத்தில் மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடாது. அவர் விரும்பிய குட்டை அன்டெனாவையும் திருப்ப ஆளில்லை. அவர் ஒதுக்கிய செப்புச் சுருளைத்தான் நான் எடுக்க வேண்டியிருந்தது. நோர்வூட்டில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் நஸார் நானா, என் கணவர் வைத்திருந்த அன்டெனாப் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக் குழாயை வளைத்துக் கொடுத்தார்.

"தங்கச்சி, கபுருக்கு அன்டெனா செஞ்ச மொத ஆள் நான்தான். ஊர்ல கேட்டா என்னத்தச் சொல்ல?"

"தண்ணிக் குழாய்னு சொல்லுங்க நானா."

"மேல பாத்த தண்ணிக் குழாயா?" என்று சிரித்தவர், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கம்பம் நின்ற அடுத்த வாரமே, தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு அழகுமுத்து, காவல்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் கல்லறையோரம் உட்கார்ந்து, கம்பத்தின் வயரைப் பேட்டரியில் ஓடும் அவருடைய ரேடியோவில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், இதக் கழட்டணும். தொரையோட ஓடர்."

"கழட்டுங்க."

அவர் கம்பத்தை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"கொங்கிரீட்டு போட்டுருக்கீங்களா?"

"கல்லறையோட சேத்துப் போட்டது. கம்பம் வேணும்னா கல்லறைய ஒடைக்கணும். ஒடைச்சுத் தோண்டுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

காவல்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றார். "நா கை வைக்க மாட்டேங்க ஐயா. புள்ளகுட்டிக்காரன்."

"அனுமதி வாங்கினீங்களா டீச்சர்?" கண்டாக்கின் குரல் இறங்கியிருந்தது.

"உங்கப்பா அந்தா மூணாவது வரிசையில இருக்காரு. சுத்திக் கம்பி வேலி போட்டுருக்கீங்க. யார்கிட்ட வாங்கினீங்க?"

அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"எத்தனை நாளைக்கு இது இங்க இருக்கும்? தொரை கேப்பாரு, நான் சொல்லணும்."

"அவரு எந்திரிக்கிற வரைக்கும் இருக்கும்னு சொல்லுங்க."

கண்டாக்கு தள்ளிப் போய்த் துரைக்குப் போன் எடுத்தார். முதுகை வளைத்து, "சேர், சேர்" என்று பல தடவை சொன்னார். திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "தொரை யோசிச்சுச் சொல்றாராம்" என்றார்.

யோசிக்கட்டும். உயிரோடு இருந்தவருக்கு ஒரு கம்பம் நடலாமா என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காத மனிதர், செத்தவரிடமிருந்து அதைப் பிடுங்கலாமா என்று நன்றாக உட்கார்ந்து யோசிக்கட்டும்.